புது ஆளுகளோட பழகுறது: ஆட்டிசம் உள்ளவங்களுக்கு நம்ம ஊர்ப் பக்கம் எது ஒத்துவரும்?

மேலரதவீதி:

வணக்கம். அக்கா மகனுக்காகக் கேக்கேன். வயசு 23, பி.காம். முடிச்சிருக்கான். ஆட்டிசம்னு (மத்தவங்களோட பேசுறது, பழகுறது, சத்தம் தாங்குறது எல்லாம் பொறந்ததுல இருந்தே வேற மாதிரி இருக்கிற நிலை) போன வருசம்தான் டாக்டர் உறுதியாச் சொன்னார். நல்லாப் பேசுவான், கணக்குல புலி. வர்ற 1ஆம் தேதி திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சேருதான். தங்குறது பாளையங்கோட்டையில ஒரு மேன்சன். ஆபீஸ்ல 9 பேர், ரூம்ல இன்னும் 2 பேர், எல்லாரும் புது முகம்.

"கண்ணப் பாரு, சிரி, கைகுடு, பேரச் சொல்லிக் கூப்பிடு"ன்னு புத்தகத்துல போட்டிருக்கிற எதுவும் அவனுக்கு ஒத்துவரல. கண்ணப் பாத்தா எதிராளி சொல்றது காதுல ஏற மாட்டேங்குதுங்கான். கேள்வி நாலுதான்: எங்க வச்சுப் பழகுறது, பேச்ச எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி முடிக்கிறது, ஆட்டிசம்னு எப்பச் சொல்றது. "தைரியமா இருக்கச் சொல்லுங்க"ன்னு மட்டும் யாரும் எழுதாதீங்க, அது வேண்டிய மட்டும் கேட்டாச்சு.

பேச்சுப்பயிற்சி_பாளை:

அந்தப் புத்தகங்களை ஓரமாக வையுங்கள். அவை வேற்று நாட்டு மரியாதையை வைத்து எழுதினவை. நம் பக்கம் சின்னவர்கள் பெரியவர்களை நேருக்கு நேர் உற்றுப் பார்த்துப் பேசினால்தான் குறை சொல்வார்கள். கைகொடுப்பதும் கட்டாயமில்லை. கையெடுத்துக் கும்பிட்டால் போதும், தொடுதல் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைவிட வசதியான வணக்கம் வேறு இல்லை. கண்ணைப் பார்த்தே ஆகவேண்டிய இடத்தில், உதாரணமாக நேர்காணலில், இரண்டு புருவத்துக்கும் நடுவே 2 அல்லது 3 விநாடி பார்த்துவிட்டு மேசைக்கு வந்துவிடலாம். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்து, பழக முடியாதது மருமகனின் குறை என்று வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-ல் ஒரு கருத்தை எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் புரியாதது போலவே மற்றவருக்கும் இவர் புரிவதில்லை. 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. 8 பேரை வரிசையாக வைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகள் காதோடு காதாகச் சொல்லி விளையாடுவது போல. எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், ஒருவருக்குமே இல்லாத வரிசையிலும் கதை ஒரே அளவுக்குத்தான் தேய்ந்தது. இரண்டு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகமாகச் சிதைந்தது.

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது 2017-ல் நோவா சாசன் குழு செய்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடி வீடியோவைப் பார்த்த மற்றவர்கள், இவரோடு பழக எனக்கு விருப்பம் குறைவு என்று மதிப்பெண் போட்டார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. சொன்ன விஷயத்தில் கோளாறு இல்லை. குரலின் ஏற்ற இறக்கம், முகம், கையசைவு, இவை பழக்கமில்லாத மாதிரி இருந்ததுதான் இடித்தது.

ஆகவே முதல் அறிமுகத்தை எழுத்தில் நடத்துங்கள். சேருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லி, ஐந்தாறு வரி போதும்: "வணக்கம், 1ஆம் தேதி முதல் நம்ம ஆபீஸ்ல சேருதேன். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தெரியும். மூணு பேர் ஒரே நேரத்துல பேசுனா எனக்குச் சரியாக் கேக்காது. எழுதிக் குடுத்தா உடனே முடிச்சிருவேன்." முகம் பார்க்கும் முன்பே ஆள் யார், எதில் கெட்டி, எது வேண்டும் என்பது அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, இடைவெளி. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். 2009-ல் 10 மொழிகளில் அளந்து பார்த்த கணக்கு இது. கேட்டதை உள்வாங்கி, பதிலை வார்த்தையாக்க 3 விநாடி தேவைப்படுகிறவர் நாலு பேர் கூட்டத்தில் வாயைத் திறக்கும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். திறந்தால் குறுக்கே பேசினான் என்பார்கள், திறக்காவிட்டால் ஊமைக்கொட்டான் என்பார்கள். இரண்டு உபாயம்: ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும் பேசுவது. "இருங்க, சொல்லுதேன்" என்ற ஒரு சொல்லை உடனே போட்டுவிட்டு, பிறகு யோசிப்பது. அந்தச் சொல் பேச்சில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி.

கூந்தன்குளத்து_நாரை:

எங்க வச்சுப் பழகுறதுங்கிற கேள்விக்கு மட்டும் எழுதுறேன், எனக்கு அதுதான் தலையாய விஷயம்.

எதிர் எதிரா உக்காந்து பேசுறது ஆட்டிசம் உள்ளவங்களுக்கு ரொம்பக் கடினமான அமைப்பு. பக்கத்துல பக்கத்துல இருந்து, ரெண்டு பேரும் மூணாவதா ஒண்ணப் பாக்கிறது சுலபமானது. பேசுறதுக்குப் பொருள் கண்ணு முன்னாலயே கிடக்கும், பேசாம இருந்தாலும் யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க.

பறவை பாக்கிறது இதுக்குன்னே செஞ்ச மாதிரி. நாங்குநேரி தாலுகாவில கூந்தன்குளம் சரணாலயம் இருக்கு. மழை நல்லாப் பெஞ்ச வருசம் டிசம்பருக்கு மேல மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வரித்தலை வாத்துன்னு குளம் நிறைஞ்சிரும். அங்க சத்தம் போடாம இருக்கிறதுதான் மரியாதை. பேரத் தெரிஞ்சவனுக்கு மதிப்பு, பட்டியல் போடுறவனுக்கு அதைவிட மதிப்பு. ஜனவரியில தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், தன்னார்வலர்களையும் சேத்துக்குவாங்க. அதுல ஒருத்தர் எண்ண, ஒருத்தர் எழுத, வேலை பிரிஞ்சே வரும். எழுதுற வேலையக் கேட்டு வாங்கச் சொல்லுங்க.

பறவை பிடிக்கலேன்னா கொக்கிரகுளத்துல மாவட்ட அறிவியல் மையம் இருக்கு, பாளையங்கோட்டையில மாவட்ட மைய நூலகம் இருக்கு. சதுரங்கம், பழைய நாணயம், ரயில்னு அவனுக்கு எதுல நாட்டமோ அதுல உள்ள கூட்டத்தைத் தேடணும். ஆட்டிசம் உள்ளவங்க கவனம் ஒரே வாய்க்கால்ல பாயுற தண்ணி மாதிரின்னு ஒரு விளக்கம் உண்டு, 2005-ல டைனா மரே, மைக் லெசர், வென் லாசன் மூணு பேரும் எழுதினது. அந்த வாய்க்கால் ஓடுற திசையில ஆளத் தேடுனா தண்ணிய மறிக்க வேண்டிய வேலை மிச்சம்.

டீக்கடை மோசமில்ல. காலையில 6 மணிக்கு, பேப்பர் விரிச்சுக் கிடக்கிற பெஞ்சு. எல்லார் கண்ணும் பேப்பர்லதான் இருக்கும். சாயங்காலம் 5 மணிக்கு அதே கடை வேற கடை: எண்ணெய்ச் சட்டி, ஏர்ஹாரன், பாட்டு. நெல்லையப்பர் கோயில் பிரகாரமும் அப்படித்தான். சாதாரண நாள் விடிகாலையில ஒருத்தர்கூட நடந்துக்கிட்டே பேசலாம், ஆனித் தேரோட்டத்தன்னைக்கு ரத வீதிப் பக்கம் கூட்டிட்டுப் போயிறாதீங்க.

கல்யாண வீடு தவிர்க்க முடியாத இடம். அங்க சும்மா உக்கார வச்சா யார் வந்து எதக் கேப்பாங்கன்னு தெரியாது. ஒரு வேலையோட உக்கார வச்சா தெரியும். மொய் எழுதுற மேசை இதுக்கு ரொம்பப் பொருத்தம்: பேரு, ஊரு, தொகை, மூணே கேள்வி, ஆளுக்கு அரை நிமிசம், அடுத்த ஆள். கணக்குல கெட்டியா இருக்கிறவனுக்கு முகூர்த்தம் முடியுறதுக்குள்ள நூறு பேர் அறிமுகம். ஒரே சிக்கல், அந்த மேசையை வாசல்ல, ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழயே போடுவாங்க. முந்தின நாளே மண்டபத்துக்குப் போயி ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் மாத்திப் போடச் சொல்லிரணும். பணத்தை எண்ணி வாங்க இன்னொருத்தர் பக்கத்துல இருக்கணும், பேசுறது, எழுதுறது, எண்ணுறது மூணையும் ஒரே ஆள் செஞ்சா கடைசியில கணக்கு இடிக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்னு எல்லாரும் அவசரப்படுவாங்க. கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018-ல போட்ட கணக்குப்படி, தெரிஞ்சவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர்னு சொல்ல 90, நெருங்கின நண்பராக 200-க்கு மேல. அமெரிக்காவில பொதுவா எல்லாரையும் வச்சு எடுத்தது. ஆபீஸ்ல பக்கத்துல உக்காந்து வேலை பாக்கிற நேரம் இதுல பெருசா சேரலன்னும் சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை 2 மணி நேரம்னா 50 மணி நேரத்துக்கு 25 வாரம், அரை வருசம். ரெண்டாவது வாரமே "இன்னும் ஃபிரெண்டு யாரும் கெடைக்கலியா"ன்னு கேட்டு அவனை நோகடிக்காம இருக்கணும், மாமாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

தேரடி:

ஆராய்ச்சியெல்லாம் மேல சொல்லிட்டாவ. நான் நம்ம ஊர்ப் பேச்சச் சொல்லுதேன். நம்ம பக்கம் பாதிக் கேள்வி கேள்வியே கெடையாது. சொன்ன சொல்ல அப்படியே எடுக்கிறவனுக்கு இது தனிப் பாஷை. ஆனா ரொம்பச் சின்னப் பாஷை, ஒரு பக்கத்துல எழுதி பர்ஸுல வச்சுக்கிடலாம்.

"சாப்ட்டாச்சா?"ன்னா வணக்கம்னு அர்த்தம். "ஆச்சு, நீங்க?"ன்னா முடிஞ்சுது. நாலு இட்லி, சட்னியில உப்பு கூடன்னு கணக்குச் சொல்ல வேண்டாம். "இல்ல"ன்னு உண்மையச் சொன்னா சாப்பிட வைக்காம விடமாட்டாவ, பெறவு பத்து நிமிசம் மல்லுக்கட்டணும். "என்ன இந்தப் பக்கம்?"னு கேட்டா விசாரணை இல்ல, "சும்மாதான்" போதும். அவன் திருப்பிக் கேக்கும்போது மட்டும் கவனம்: வெளிய கெளம்புறவங்ககிட்ட "எங்க போறிய?"ன்னு நேராக் கேட்டா போற காரியம் விளங்காதுன்னு முகஞ்சுளிப்பாவ. "தூரமா?"ன்னு கேக்கலாம்.

"ஒருநாள் வீட்டுக்கு வாங்க" மரியாதைக்குச் சொல்றது. கெழமையும் நேரமும் இருந்தாத்தான் அழைப்பு. "ஞாயித்துக்கெழம மத்தியானம் வாங்க, சொதி வைக்கச் சொல்லுதேன்"னா நெசமாவே சமைப்பாவ, போகாம இருந்தா கோவம் வரும். "பாப்போம்"ங்கிறது பெரும்பாலும் முடியாதுங்கிறதுக்கு மரியாதையான சொல்லு, மறுநாள் "பாத்தியளா?"ன்னு கேக்கக் கூடாது. "வாரேன்"னா போறேன்னு அர்த்தம், வாசல்ல காத்துக்கிட்டு நிக்க வேண்டாம்.

இனி வெவகாரமானது. "எந்த ஊரு?" சாதாரணக் கேள்வி. அதுக்கு மேல "ஊர்ல எந்தத் தெரு? யாரு வீட்டுப் புள்ள? அப்பா முழுப்பேரு?"ன்னு போச்சுன்னா பல சமயம் சாதியத் தெரிஞ்சுக்கிடத்தான். உண்மை பேசுற பிள்ளைக மடமடன்னு ஒப்பிச்சிருவாவ. தாலுகாவோட நிறுத்திக்கிடணும்: "அம்பாசமுத்திரம் பக்கம். நீங்க எந்தப் பக்கம்?" இன்னும் தோண்டுனா அதே பதில், அதே குரல்ல, திரும்பவும். இதைவிட முக்கியமா ஒண்ணு. இந்தப் பிள்ளைக ஊர்ப்பேரு, ஆள்பேரு, நெத்திக் குறி எல்லாத்தையும் வச்சுப் பட்டுன்னு கணக்குப் போட்டு "அப்ப நீங்க இன்ன ஆளுகதான?"ன்னு வெகுளியா வாய்விட்டுச் சொல்லிருவாவ. நம்ம ஜில்லாவுல இந்த ஒரு வாக்கியம் பெரிய வம்புல கொண்டு விட்டுரும். கண்டுபிடிச்சாலும் சொல்லக் கூடாதுன்னு சட்டம் மாதிரியே எழுதிக் குடுங்க, காரணத்தோட. காரணம் இல்லாத சட்டம் மனசுல நிக்காது.

சம்பளம் கேப்பாவ. "வண்டி ஓடுது"ன்னு சிரிச்சா போதும்.

கூப்பிடுறது: மேன்சன் மேனேசர், டீக்கடை, மெஸ் எல்லாம் "அண்ணாச்சி". ஆபீஸ்ல முதல் ரெண்டு நாள் வாயத் தொறக்காம மத்தவங்க யார யாரு எப்படிக் கூப்பிடுதாவன்னு ஒரு தாள்ல எழுதட்டும், சாரா, மேடமா, அக்காவா, அண்ணனா. மூணாம் நாள் அதையே புடிச்சுக்கிடலாம். ரூம்ல ஒரு வயசுக்காரன் "ஏல, வால"ன்னா திட்டு இல்ல, ஒட்டிக்கிட்டான்னு அர்த்தம். ஆனா அவன் சொல்லி ஒரு வாரம் கழிச்சுத்தான் இவன் சொல்லணும், அதுவும் அவன்கிட்ட மட்டும்.

பேச்ச முடிக்க நம்ம ஊர்ல அருமையான சொல்லு ஒண்ணு இருக்கு: "ஒரு சோலி கெடக்கு, வாரேன்." என்ன சோலின்னு யாரும் கேக்க மாட்டாவ. சொல்லிட்டு ரெண்டு எட்டு நடந்துரணும், அங்கனயே நின்னா புதுசா இன்னொரு பேச்சு ஆரம்பிச்சிரும்.

மேலரதவீதி:

தேரடி அண்ணாச்சி சொன்னத அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுக்கப் போறேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, அவனுக்குப் பிடிச்ச விசயம்னா (ரயில் அட்டவணை) நிறுத்தாம முக்கா மணி நேரம் பேசுவான். பிடிக்காத பேச்சுன்னா 'ம்'னு ஒரு சத்தம்கூட வராது, எதிராளி போன் கட்டாயிருச்சோன்னு "லைன்ல இருக்கியா?"ம்பாங்க. ரெண்டாவது, ஆட்டிசம்னு சொல்ற விசயம்.

பேச்சுப்பயிற்சி_பாளை:

'ம்' கொட்டுவது தமிழ்ப் பேச்சில் பாதி வேலை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமல்ல. இதை இரண்டு திசையிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எதிராளி 'ம்' கொட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. இவரால் கொட்ட முடியவில்லை என்றால் பயிற்சி கொடுத்து வதைக்க வேண்டாம். போனில் தொடக்கத்திலேயே "நான் ம் கொட்ட மாட்டேன், கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், ஆள் மாறினால் மறுபடி சொல்ல வேண்டும்.

ரயில் பேச்சுக்கு: மூன்று வாக்கியம், பிறகு நிறுத்தி மூச்சு. எதிராளி ரயிலைப் பற்றியே கேள்வி கேட்டால், அது "என்ன, எப்படி, ஏன்" என்று தொடங்கும் கேள்வியாக இருந்தால், இன்னும் மூன்று வாக்கியம். வெறும் "ம்", "சரி", "அப்படியா" வந்தாலோ, கை போனுக்குப் போனாலோ அன்றைக்கு ரயில் நின்றுவிட்டது. அப்போது கேட்க ஒரு கேள்வி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும், எதிராளி போன தடவை சொன்ன விஷயத்தைப் பற்றியதாக. "உங்க தங்கச்சிக்குப் பரிட்சை எப்படி?" என்பது போல. இதை நினைவில் வைப்பது கடினம், அதனால் போனில் தொடர்பு எண்ணைச் சேமிக்கும்போதே குறிப்பாக எழுதி வைக்கலாம்: இரண்டாவது மேசை, கண்ணாடி, தங்கை பரிட்சை, சங்கரன்கோவில். முகம் நினைவில் நிற்காத ஆட்டிசம் உள்ளவர்கள் பலர். ஆபீஸில் பார்த்தவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அடையாளம் தெரியாது, தெரிந்தும் தெரியாத மாதிரி போனான் என்று பேச்சு வரும். "எனக்கு முகம் பிடிபடாது, நீங்களே கூப்பிடுங்க" என்று முதல் வாரமே சொல்லிவிடுவது நல்லது.

ஆட்டிசம் என்ற சொல்லை எப்போது சொல்வது? தேவையை முதல் நாளே சொல்லுங்கள், பெயரைப் பிறகு. நம் பக்கம் ஆட்டிசம் என்றால் பேச்சே வராத சின்னப் பிள்ளை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் தனியாகப் போட்டால் "நல்லாத்தானே பேசுறான்" என்று வாதாட வருவார்கள். தேவையைச் சொல்லி, அது நடைமுறையில் பொருந்துவதை அவர்கள் பார்த்த பிறகு, "இதுக்குப் பேரு ஆட்டிசம்" என்றால் சொல்லுக்கு ஒரு முகம் கிடைக்கும். சொல்லாமலே மறைப்பதும் சரியில்லை. 2019-ல் சாசனும் மோரிசனும் செய்த ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர் என்று தெரிவிக்கப்பட்டபோது முதல் மதிப்பீடு உயர்ந்தது, பார்க்கிறவருக்கு ஆட்டிசம் பற்றி விவரம் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. முதலாளியிடம் தனியாக, எழுத்தில் சொல்லலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. சான்றிதழ் வேலை, சலுகை சம்பந்தப்பட்ட இடத்துக்கு மட்டும். ரூம்காரர்களிடம் அதைக் காட்ட வேண்டிய தேவை எதுவும் கிடையாது.

முகமூடி_வேண்டாம்:

மன்னிக்கணும், எனக்கு இந்தத் திசையே உறுத்துது. பதில் மனப்பாடம், 'சாப்ட்டாச்சா'வுக்கு ஒரு வரி, சிரிப்புக்கு ஒரு வரி, இதெல்லாம் சேந்தா வேஷம்தான். ஆட்டிசத்தை மறைச்சு நடிக்கிறதும் மனச்சோர்வு, பதற்றமும் சேந்தே காணப்படுதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. 23 வயசுல ஆரம்பிச்சா 30-ல படுக்கையில விழுந்துருவான். மாற வேண்டியது ஆபீஸ்ல உள்ள 9 பேர்.

தேரடி:

9 பேரும் மாறுற வரைக்கும் இவன் டீ குடிக்காம இருக்க முடியாதுல்லா. ஆனா நீங்க சொல்றதுல பாதி நெசம். நான் பிரிக்கிறது இப்படி: ஒரு வரி அவனுக்கு வேலையக் குறைச்சா அது கைத்தடி, கூட்டுனா வேஷம். "ஆச்சு, நீங்க?" சொல்ல ஒரு விநாடி. கையாட்டுறத அடக்குறது, ஆடாம உக்காருறது, வராத சிரிப்ப எட்டு மணி நேரம் ஒட்டவச்சுக்கிறது, இதெல்லாம் வேஷம், ஒண்ணுகூடப் பழக்காதிய.

அளந்து பாக்க வழி இருக்கு. ஒரு நோட்டுல மூணு கட்டம்: எங்க, எவ்வளவு நேரம், ரூமுக்கு வந்து பழைய நெலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம். ஒரு மணி நேரக் கல்யாண வீட்டுக்கு மறுநா முழுக்க லைட்ட அணைச்சுப் படுத்தான்னா அந்த இடம் விலை கூட. பத்துப் பதினஞ்சு வரி எழுதுனாலே எந்த ஆளு, எந்த எடம் லாபம்னு தெரிஞ்சிரும். கணக்குப்பிள்ளைக்கு இதச் சொல்லியா குடுக்கணும்.

மணிமுத்தாறு:

பெண்பிள்ளைகளுக்காக இதைப் படிக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தேரடி அண்ணாச்சியோட பட்டியல்ல "கல்யாணம் எப்போ?" விட்டுப்போச்சு. "வீட்ல பாக்காங்க"தான் பதில், உண்மையா இருக்கணும்னு அவசியமில்ல. ஆட்டிசம் உள்ள பெண்கள் ஒருத்தர் பேச்சு பிடிச்சுப்போனா முழு ஈடுபாட்டோட கேப்பாங்க, உடனுக்குடன் பதில் எழுதுவாங்க. ஆண்கள் அதை வேற அர்த்தத்துல எடுத்துக்கிறது அடிக்கடி நடக்கும். ராத்திரி 9 மணிக்கு மேல வர்ற வேலை சம்பந்தமில்லாத மெசேஜுக்கு மறுநாள் காலையில மட்டும் பதில், அதுவும் குழுவில. யாருக்கும் விதிவிலக்கு கிடையாதுன்னு வச்சுக்கிட்டா ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எடைபோடுற சிரமம் இல்ல.

கூந்தன்குளத்து_நாரை:

இதோட சேந்தது, ஏமாத்துறவங்க. புதுசாப் பழகுறவர்கிட்ட 'முடியாது'ன்னு சொல்லத் தயங்குறதும், சொன்னத நம்புறதும் ஆபத்தான கூட்டு. மேன்சன்ல கைமாத்து, சீட்டு, ஆள் சேத்தா பணம் வரும்னு சொல்ற வியாபாரம், கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, போன்ல வந்த ஓ.டி.பி. கேக்கிறது, எல்லாமே "நாம ஃபிரெண்ட்ஸ்தான"ன்னுதான் ஆரம்பிக்கும். பழகி ஆறு மாசத்துக்குள்ள பணம், கையெழுத்து, ஓ.டி.பி. மூணும் யாருக்கும் கிடையாது. பதில் ஒண்ணே ஒண்ணு: "மாமாகிட்டக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன்." நல்லவன் ஒருநாள் பொறுப்பான். கோவப்பட்டா, "நம்பிக்கை இல்லையா"ன்னு கேட்டா, அதுவே உங்களுக்கு வேண்டிய தகவல். தாய்மாமன் பேரு இதுக்காவது உதவட்டும்.

ரூமுக்கு ஒரு யோசனை. அமெரிக்காவில 1996-ல தொடங்கின ஆட்ரீட்ங்கிற ஆட்டிசம் உள்ளவங்க கூடுகையில நிற அட்டை வச்சிருந்தாங்க. பச்சைன்னா வந்து பேசலாம், மஞ்சள்னா ஏற்கெனவே தெரிஞ்சவங்க மட்டும், சிவப்புன்னா பேச வேண்டாம். மேன்சன்ல அட்டை மாட்டுனா கேலி பண்ணுவாங்க. அதுக்குப் பதிலா ஹெட்போன்: ரெண்டு காதுலயும் இருந்தா சிவப்பு, ஒரு காதுல இருந்தா மஞ்சள், கழுத்துல தொங்குனா பச்சை. முதல் நாளே சொல்லிட்டா அவங்களும் அதையே பயன்படுத்த ஆரம்பிப்பாங்க, யாருக்குத்தான் வேண்டாம்.

மேலரதவீதி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. முதல் சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல எல்லாரும் ஜங்ஷன்ல ஒரு ஓட்டலுக்குப் போவாங்களாம். போகணுமா, வேண்டாமா?

பேச்சுப்பயிற்சி_பாளை:

போகட்டும், ஆனால் முக்கால் மணி நேரம் மட்டும். வியாழக்கிழமையே ஓட்டல் எது என்று கேட்டு, வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு உட்காரும் இடத்தைப் பார்த்துவைக்கட்டும். சுவரில் முதுகு படும் ஓர நாற்காலி, கை கழுவும் இடத்துக்கும் அடுப்படிக் கதவுக்கும் தூரமாக, டி.வி.க்குக் கீழே இல்லாமல். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒருவர்தான், ஒருவரோடு பேசினால் போதும். என்ன சாப்பிடுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்கட்டும், நாலு பேர் "நீ என்ன சொல்லுத?" என்று கேட்கும் நேரத்தில் மெனு படிக்க வராது. தட்டுச் சத்தத்துக்கு நுரை இயர்ப்ளக் ஒரு காதில் மட்டும், பேசுகிறவர் இருக்கும் பக்கத்துக் காது திறந்திருக்கட்டும். உள்ளே போனதும் "எனக்கு 8.45-க்குக் கெளம்பணும்" என்று ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும், பில்லுக்குத் தன் பங்கைச் சில்லறையாகக் கையில் வைத்துக்கொண்டு.

தேரடி:

இன்னும் ஒண்ணு. யார் பைக் பின்னாடியும் ஏறிப் போக வேண்டாம், அவன் கெளம்புற வரைக்கும் மாட்டிக்கிடுவான். ஜங்ஷன்ல இருந்து பாளைக்கு அந்நேரம் டவுன் பஸ் இருக்கும்.